பேர் வெட்டின பக்கம்

குண்டு வெடிச்ச இடத்துல பொறுக்கின தகடெல்லாம் பரிசோதனை மேசை மேல கிடந்துச்சாம். அதுல ஒரு டிபன் டப்பாத் துண்டு நடுங்கிட்டே இருந்துச்சு.

"அடிப் பாவி, குண்டு உன் வயித்துலதானே இருந்துச்சு? உன்னால உன் எசமானி செண்பகவல்லியப் போலீஸு பிடிச்சு வச்சிருக்கு!"ன்னு சைக்கிள் பெல்லு கத்துச்சு. துண்டுக்கோ ஒண்ணும் ஞாபகமில்ல.

பூதக்கண்ணாடி குனிஞ்சு பார்த்துச்சு. துண்டுல 'செண்பகவல்லி'ன்னு பேர் வெட்டியிருந்துச்சு. (மாமியா பேரத்தான் வெட்டணும்னு அந்த வீட்டுல நடந்த சண்டை இருக்கே, அது தனிக்கதை.)

"பேரை வெளிப்பக்கம்தானே தாயி வெட்டுவாங்க? கரியெல்லாம் பேர் மேலதான் இருக்கு. அப்ப குண்டு வெளியிலதான் வெடிச்சிருக்கு"ன்னுச்சு பூதக்கண்ணாடி.

"என் வயித்துல?"

"கடுகு ஒட்டியிருக்கு. தயிர்சாதம்!"

அப்பாடான்னு துண்டு மூச்சு விட்டுச்சு. செண்பகவல்லியும் சாயங்காலமே வீட்டுக்குப் போயிட்டா.

"நான் அப்பவே நினைச்சேன், பார்த்தா நல்ல குடும்பத்து டப்பா மாதிரி இருக்கேன்னு"ன்னுச்சு பெல்லு.