கிலோமீட்டருக்கு இருபத்தைந்து வெள்ளி

“கடவுள் நட்ட காடு அங்கிள்! கிலோமீட்டருக்கு வெறும் அஞ்சு வெள்ளிதானா?”

“அவரு நட்டாருன்னா அவரே பாத்துக்கட்டும்லா. மூணு வெள்ளி.”

லோபாக் வட்டாரத்து மளிகைக்கடை முத்தப்பனிடம் ஏற்றிக் கேட்டால் இறங்கும் என்பது ரதிக்குத் தெரியவில்லை.

மழைக்காட்டைக் காப்பாற்ற அப்பா, அம்மாவோடு நடக்கப் போகிறாள். நடக்கும் தூரத்துக்குத் தெரிந்தவர்கள் பணம் தர வேண்டும். இரண்டாயிரம் வெள்ளி கொண்டு வருவதாகக் காடு காக்கும் குழுவில் மார்தட்டிவிட்டு வந்திருந்தாள். இன்னும் ஐந்நூறு குறைந்தது.

முத்தப்பன் சட்டைக்குள் கைவிட்டு, போன வருடம் இதய ஆபரேஷனில் விழுந்த தழும்பைச் சொறிந்தார். சட்டென்று நிமிர்ந்தார்.

“இருபத்தஞ்சு தர்றேன். என் கடை வாசல்லேர்ந்து, தம்பின் டவுனுக்குப் போற ரோட்டுல எஸ்டேட் முருகன் கோயில் இருக்குல்ல, அது வரைக்கும். இருபது கிலோமீட்டர். ஆனா செருப்பு கூடாது. மரத்தக் கீறி எடுத்த ரப்பர், பாவம்.”

“சரி அங்கிள்!”

“மூணு நாளைக்குக் கோழி, மீனு தொடக் கூடாது. காட்டக் காப்பாத்துறவங்க உசுரத் திங்கலாமா?”

ரதி உருகிவிட்டாள். “எங்க குழுவுலகூட இவ்ளோ சீரியஸா யாரும் இல்ல அங்கிள்!”

“ஒரு கிலோமீட்டர் கொறைஞ்சாலும் ஒரு சென் கெடையாது, சொல்லிட்டேன்.”

ஞாயிறு விடியலில் கிளம்பினார்கள். பன்னிரண்டாவது கிலோமீட்டரில் தார் கொதித்தது. அம்மா நீலாவதி சாலையோரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

“கோழியும் இல்ல, செருப்பும் இல்ல. காட்ட நாம காப்பாத்துறோம், நம்மள யாருங்க காப்பாத்துறது?”

எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிவந்த லோரி ஒன்று பக்கத்தில் நின்றது. ஓட்டியவர் அப்பா அர்ச்சுனனின் பழைய கூட்டாளி.

“அப்பா, இது ஏமாத்து!”

“நாலே கிலோமீட்டர்தான்மா. காடு வந்து சாட்சி சொல்லவா போவுது? ஏறு.”

இறங்கி, மிச்சத்தை நொண்டி நொண்டி நடந்தார்கள். கோயில் வாசலில் முத்தப்பன் காரை நிறுத்திவிட்டு, தேங்காய், மாலையோடு காத்திருந்தார்.

“முழுசா நடந்தீங்களா?”

ரதி வாயைத் திறந்தாள். அர்ச்சுனன் முந்திக்கொண்டார்.

“காலப் பாருங்கய்யா!”

கொப்புளங்களைப் பார்த்த முத்தப்பன், வாழ்க்கையில் முதல்முறையாகப் பேரம் பேசாமல் ஐந்நூறு வெள்ளியை எண்ணிக் கொடுத்தார். பிறகு சன்னிதி முன்னால் போய்க் கைகூப்பினார்.

“முருகா, ஆபரேஷன்ல பொழைச்சா கவுச்சி தொடாம, கடையிலேர்ந்து வெறுங்கால்ல நடந்தே வர்றேன்னு வேண்டிக்கிட்டேன். டாக்டர் அவ்ளோ தூரம் நடக்க விடமாட்டேன்னுட்டாரு. அதான் ஆள் போட்டு அனுப்பிட்டேன். ஒரு ஜோடி காலுக்கு மூணு ஜோடி! நம்ம கணக்கு தீந்துச்சுப்பா.”

நீலாவதி பதறிப்போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அர்ச்சுனன் கோபுரத்துப் பொம்மைகளை எண்ண ஆரம்பித்தார். ரதி நடைக் குறிப்பேட்டைத் திறந்து எழுதினாள்: ‘காட்டுக்கு, ஐந்நூறு வெள்ளி வரவு. முருகனுக்கு, நான்கு கிலோமீட்டர் பாக்கி.’