ஒட்டு விட்ட இடம்

டெரிக் என்ற ஓட்டுநர் உருண்டு செத்தது இந்தப் பந்தயக் காரில்தானா என்பது யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. இன்ஜின், பாடி, பெயிண்ட் எல்லாம் மாறியிருந்தன. இப்போதைய முதலாளி, அந்தக் காலத்தில் டெரிக்கின் காருக்கு ஒட்டுப்போட்ட வெல்டர் தேசிங்குவைத் தேடிப்பிடித்துக் கூட்டிவந்தார். கவிழ்ந்தால் தலையைக் காக்க வைக்கும் வளைகுழாயில் பெயிண்டுக்கு அடியில் பூசியிருந்த பட்டியை அவர் சுரண்டியதும், நாற்பது வருடத்து விரிசல் பல்லிளித்தது.

“என் ஒட்டுதான் சார். போட்டிக்கு நேரமாச்சுன்னு உள்ள உருக்காம மேலாப்புல பூசிட்டேன். வண்டி உருண்டப்ப விட்டுப்போச்சு. அந்தப் புள்ளய நான்தான் கொன்னேன்.”

பெண்டாட்டியிடம்கூட அவர் சொல்லாதது.

முதலாளி அவரைக் கட்டிப்பிடித்துக் குதித்தார். “அப்ப அசல் வண்டிதான்! பெரியவரே, இனிமே இதுக்கு விலையே வேற!” வீடியோ எடுக்கச் செல்போனை நீட்டினார். “அந்தக் ‘கொன்னேன்’கிறத மட்டும் இன்னொரு தடவ. விரிசல் மேல விரல வெச்சு, கொஞ்சம் தழுதழுத்தாப்ல.”

தேசிங்கு விரிசலை விரலால் தடவிப் பார்த்தார்.

“துருவா இருக்கு சார். கிரைண்டர் இருக்கா?”

“ஆமா, படத்துல பளிச்சுன்னு தெரியணுமில்ல!” முதலாளி ஓடிப்போய் எடுத்துவந்து, பிளக்கையும் தானே மாட்டிக்கொடுத்தார்.

தேசிங்கு சுழலும் தகட்டை விரிசலின்மேல் வைத்து, உடம்பின் முழுப் பலத்தோடு அழுத்தினார்.