தரைப்பாலத்தில் பத்துப் பேர்

"வேனைத் தண்ணியில எறக்கச் சொன்னது யாரும்மா?"

ரெவின்யூ இன்ஸ்பெக்டர் பாஸ்கர் பேனாவைத் திறந்துகொண்டே கேட்டார். கேள்வி சாதாரணமாகத்தான் வந்தது. அன்று அந்த வேனில் இருந்த தரணி அவருடைய பேனா முனையையே பார்த்தாள்.

டிரைவர் திலீப்புக்கு, உயிரைக் காப்பாற்றியவர்களுக்கு டெல்லியில் கொடுக்கிற பதக்கம் கேட்டு எழுதிப் போட்டிருந்தார்கள். அதற்குத்தான் இந்த விசாரணை.

ஸ்ரீ சிட்டி தொழிற்சாலைகளுக்குப் பெண்களை ஏற்றிப்போகும் வேன் போன மழையில் தரைப்பாலத்தில் கவிழ்ந்தது. இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு ஒவ்வொருத்தியாகக் கரைசேர்த்தான் திலீப். பத்துப் பேர்.

பதினோராவது வரலட்சுமி. அவளுக்காகவும் குதித்தான். துப்பட்டாதான் கையோடு வந்தது.

வரலட்சுமியின் அம்மா செல்லியம்மா இப்போது தரணியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மகளோடு வேலைக்குப் போன பெண்ணாயிற்றே என்று, தரணியின் வலது கையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அவனே எறக்கியிருந்தான்னா ஃபைல் இத்தோட நின்னுடும்மா. மாட்டிவுட்டவனுக்கே மெடல் குடுப்பாங்களா?" என்றார் பாஸ்கர்.

ஊர் ஏற்கெனவே அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா.

தரணி ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவனுக்குப் பதக்கம் நிலைக்கும். சொல்லத்தான் வந்திருந்தாள். வாயைத் திறந்தாள். செல்லியம்மா தடவிக்கொண்டிருந்த தன் கையைப் பார்த்து மூடிக்கொண்டாள்.

கதவோரம் பெஞ்சில் இருந்த திலீப் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். செல்லியம்மாவின் மடியைப் பார்த்தான். எழுந்து நின்றான்.

"நான்தான் சார் எறக்கினேன். யாரும் சொல்லல."

செல்லியம்மா பார்த்த பார்வையில் பச்சை மரமும் பற்றிக்கொள்ளும். திலீப் தலையைக் குனிந்துகொண்டான்.

பாஸ்கர் பெருமூச்சு விட்டு, எழுதி முடித்து, தாளைத் தரணி பக்கம் தள்ளினார். சாட்சிக் கையெழுத்து.

செல்லியம்மாவின் மடியிலிருந்து கையை உருவிப் பேனாவை வாங்கினாள் தரணி. அவள் பெயரில் மூன்றே எழுத்து. அதற்குள் தாள் வேர்வையில் நனைந்தது.

அன்று காலை திலீப் வேனைக் கரையிலேயே நிறுத்திவிட்டான். தண்ணீர் வடியட்டும் என்றான்.

"இன்னிக்கும் லேட்டானா கேட்டுல வுட மாட்டாங்கண்ணா, போணா" என்று பின் சீட்டிலிருந்து அவன் தோளைத் தட்டிக்கொண்டே இருந்தது இந்தக் கைதான். மழைச் சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்கவில்லை.

வெள்ளத்தில் அவன் முதலில் எட்டிப் பிடித்ததும் இதே கையைத்தான்.

கையெழுத்துப் போட்டதும் செல்லியம்மா அந்தக் கையை மறுபடி எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.