அக்காவுக்குச் சிவப்பு, எனக்குப் பச்சை

வளர்மதி அக்காவின் வயிற்றுப் பட்டை சிவப்பாக மின்னிய அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அக்கா என் கணவரின் அண்ணன் மனைவி. எங்கள் இருவருக்குமே ஏழாம் மாதம். ஒரே வீடு, கொல்லைக்குப் பின்னால் ஒரே கேஸ் கிணறு, அதன் நாற்றத்தில் இருவருக்கும் ஒரே தலைவலி. கிணற்றைச் சுற்றியிருக்கும் பிள்ளைத்தாய்ச்சிகள் எல்லோரும் அந்தப் பட்டையைக் கட்டியாக வேண்டும். உள்ளே பிள்ளையின் எடை குறைந்தால் சிவப்பு. சிவப்பானால் பிரசவம் வரை மலை விடுதி, சுத்தமான காற்று. எனக்குப் பச்சை.

"நீ குடுத்து வச்சவ புவனா," என்றார் நர்சம்மா.

குடுத்து வச்சவளாம்! அவள் மலைக்குப் போகிறாள், நான் இங்கே புகையை முழுங்குகிறேன்.

அக்கா போனதிலிருந்து தட்டில் பாதியைக் கழுநீர்ப் பானையில் கொட்டினேன். மூன்றாவது வாரம் பட்டை சிவந்தது. முதல் வேலையாக அக்காவுக்கு வீடியோ கால் போட்டேன். அவள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்.

அவள் என்னைப் பேசவே விடவில்லை.

"இங்க வந்தும் இது வளர மாட்டேங்குதுடி. உன் பச்சையை நினைச்சாலே எனக்கு வயிறு எரியுது. என் கண்ணே பட்டுடப் போகுது, சுத்திப் போட்டுக்க. நீயாவது நல்லா சாப்பிடுறியா?"

பட்டையைக் கையால் இறுக்கிப் பொத்திக்கொண்டேன்.

"சாப்பிடுறேன்க்கா."