ஜன்னலோரம் எங்கள் வகுப்பு

இதில் ஒரு வார்த்தை பொய் என்றாலும் என் பல்செட் கழன்று இந்தத் தட்டிலேயே விழட்டும்.

கல்லூரியின் பழைய மாணவர்கள் கூடும் நாள். மதியச் சாப்பாடு எப்போதும் போல கெமிஸ்ட்ரி லேபில். சின்னக் கல்லூரி, அதைவிடப் பெரிய அறை கிடையாது. வகுப்புக்கு ஒரு மேஜை.

எங்களுடையது ஜன்னலோரம்.

வெயில் திரைச்சீலையில் வடிந்து பால் நிறத்தில் உள்ளே விழுந்துகொண்டிருந்தது. தட்டுகளின் சத்தம்கூடத் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போலக் கேட்டது.

செயலாளர் அம்மா மைக்கை நீட்டியபடி மேஜை மேஜையாக வந்தார். எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு வகுப்பும் அந்த வருஷத்துச் செய்தியைச் சொல்ல வேண்டும். யாருக்குக் கல்யாணம், யார் வீட்டில் குழந்தை, யாருக்குப் பதவி உயர்வு. சொல்வதற்குச் செய்தி இல்லாத வகுப்பு மேஜையைக் காலி செய்ய வேண்டும். மிச்சம் இருப்பவர்களைக் கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் பொது மேஜைக்கு அனுப்பிவிடுவார்கள்.

அங்கே யாருக்கும் யாரையும் தெரியாது. உப்பு வேண்டுமென்றால்கூட மரியாதையாகக் கேட்க வேண்டும்.

எங்கள் மேஜை மேல் ஒரு வகுப்புக்குக் கண். எங்களுக்கு ரொம்பப் பின்னால் படித்தவர்கள். பெண்டாட்டி, பிள்ளை, மருமகன் என்று பெருகிப்போய், பாதிப் பேர் தட்டைக் கையில் ஏந்தி நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். அவர்களுக்குத் தலைவர் ஒரு வக்கீல். என் பக்கத்திலேயே வந்து நின்றுகொண்டார்.

"உங்க வகுப்புல இந்த வருஷம் என்ன விசேஷம் ஐயா?" என்றார் செயலாளர் அம்மா.

மைக்கை வாங்கினேன்.

முதலில் குறட்டை. கடைசி பெஞ்சில் தூங்கியே பட்டம் வாங்கியவன். மெத்தைக் கம்பெனியில் படுத்துப் பார்த்துச் சொல்கிற வேலை. இந்த வருஷம் தலைமைத் தூக்கக்காரராக உயர்வு கொடுத்திருக்கிறார்கள். அவன் தூங்குகிற சுகத்தைப் பார்த்து அந்தத் தெருவே மத்தியானத்தில் கண்ணயர்ந்துவிடுகிறது. தபால்காரர் பையைத் தலைக்கு வைத்து அவன் வாசற்படியிலேயே சாய்ந்துவிடுகிறார்.

அடுத்து லேட்டு. ஒருநாளும் மணி அடிப்பதற்குள் வகுப்புக்கு வராதவள். கடிகாரம் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறாள். அவள் கைபட்ட கடிகாரம் எல்லாம் நிதானமாகத்தான் ஓடும். அதனால் அவள் பேட்டையில் பொழுது சாய வெகுநேரம் ஆகும். பிள்ளைகள் ஆடி ஓய்ந்த பிறகும் வெளிச்சம் மிச்சம் இருக்கும். எங்கள் எல்லாருக்கும் எழுபது தாண்டிவிட்டது. லேட்டுக்கு இந்த வருஷம்தான் ஐம்பது. கேக் வெட்டியிருக்கிறாள்.

"போன வருஷமும் அந்த அக்காவுக்கு ஐம்பதுன்னுதானே சொன்னீங்க, அண்ணே?" என்றார் வக்கீல்.

"அதைத்தான் தம்பி நானும் சொல்றேன்."

மூன்றாவது பஞ்சு. அப்போதே ஊதினால் பறக்கிற உடம்பு. வயசாக ஆக எடை இன்னும் குறைந்துகொண்டே போகிறது. பேத்தி கல்யாணத்தில் எல்லாரும் போட்டோவுக்கு நிற்கும்போது சந்தோஷத்தில் மெல்ல மேலே கிளம்பிவிட்டான். அவன் பெண்டாட்டி தாவிக் கணுக்காலைப் பிடித்துக்கொண்டாள். போட்டோவில் மணமக்கள் தலைக்கு மேலே ஒரு ஜோடி செருப்பு தெரியும். ஆசீர்வாதம் என்று ஆல்பத்தில் ஒட்டியிருக்கிறார்கள்.

வக்கீல் தட்டை என் மேஜையில் வைத்தார்.

"எல்லாரும் நல்லா இருக்காங்க, ரொம்ப சந்தோஷம் அண்ணே. ஆனா ஒருத்தர்கூட எந்த வருஷமும் தலைகாட்ட மாட்டேங்கறாங்களே?"

லேப் முழுக்க மெல்லுவதை நிறுத்திவிட்டது. தொட்டியில் குழாய் சொட்டுவது எனக்குக் கேட்டது.

"குறட்டை இப்போ வேலையில இருப்பான். லேட்டு கிளம்பிட்டா, எப்ப வந்து சேருவாளோ. பஞ்சு வந்திருப்பான், வெளியில காத்து அடிக்குதே தம்பி, வீட்டுக்காரம்மா எப்படி விடுவாங்க?"

சரியாக அப்போது திரைச்சீலை உப்பி எழுந்தது.

எல்லாரும் ஜன்னலைப் பார்த்தார்கள். பிள்ளைகள் கிட்டே ஓடி வந்து வானத்தை அண்ணாந்து பார்த்தார்கள். வக்கீலும்தான் பார்த்தார், இல்லையென்று சொல்லட்டும்.

செயலாளர் அம்மா மட்டும் என்னைப் பார்த்தார்.

"உங்களைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே ஐயா?"

"எனக்கென்னம்மா விசேஷம்? இவங்களை விசாரிக்கவே வருஷம் சரியாப் போயிடுது."

அவர் என் பக்கத்துக் காலி நாற்காலிகளைப் பார்த்தார். பிறகு மைக்கை வாங்கி, ஜன்னலோர வகுப்புக்கு நிறையச் செய்தி, மேஜை அவர்களுக்கே என்று அறிவித்தார். பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, என்னைச் சுற்றியிருந்த மூன்று காலி இடங்களிலும் டம்ளர் வைத்துத் தண்ணீர் ஊற்றச் சொன்னார்.

வக்கீல் பக்கத்து நாற்காலியின் முதுகில் கை வைத்தார்.

"இதையாவது எடுத்துக்கலாமா அண்ணே?"

"லேட்டு உட்கார்ற இடம் தம்பி."

கையை எடுத்துக்கொண்டார். தன் தட்டையும் எடுத்துக்கொண்டு, நாற்காலியை இடிக்காமல் சுற்றிப் போனார்.

நான் சேர்ந்த வருஷம் அந்தக் கல்லூரியில் சேர்ந்தது நான் ஒருவன்தான்.