அத்தை என்று சொன்னால் தப்பு

“இந்தப் பொண்ணு இந்த வீட்டுலதான் இருக்கா?”

பள்ளிக்கூடத்துக் குமாஸ்தா, கிராணி மாணிக்கவாசகம் பதிவுப் புத்தகத்தோடு வாசலில் நின்றார். மலாயாவுக்கு மெர்டேக்கா வந்து ஒரு வருஷம் ஆகியும் அந்த முகத்துக்கு மட்டும் சுதந்திரம் கிடைக்கவில்லை. அப்படி ஒரு கடுகடுப்பு!

“ஆமாங்கையா,” என்றாள் பூங்காவனம்.

புளுகுதான். கம்போங் செட்டியில் இருக்கும் அந்த வீடு மீனாச்சியுடையது. பூங்காவனம் இருப்பது குருபோங் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில். கம்போங் செட்டி இருக்கும் காஜா பேராங் வட்டாரப் பிள்ளைகளுக்குத்தான் டவுன் இங்கிலீஷ் பள்ளியில் இடம் என்பது சட்டம். எஸ்டேட் பள்ளியோ ஆறாவதோடு சரி. அதற்கப்புறம் மகள் சந்திரமதி கையிலும் ரப்பர்ப் பால் வாளிதான்.

“என் வீட்டு நம்பரை எழுதிக்கொடு,” என்று கோயிலில் பழக்கமான மீனாச்சிதான் சொன்னாள்.

கிராணி சந்திரமதியிடம் குனிந்து, மீனாச்சியைக் காட்டினார். “இவங்க உனக்கு என்ன வேணும்?”

“அத்தை!” மூன்று நாள் மனப்பாடம், பிசகில்லாமல் வந்தது.

“சாப்பிட எப்படிக் கூப்பிடுவாங்க?”

“‘சந்திரா, சோறு ஆறுது, வா’ன்னு.”

மலாய்க்காரிபோல் சாரோங் கெபாயாவில் நின்ற மீனாச்சி, ஒன்றும் புரியாமலே சிரித்துச் சிரித்துத் தலையாட்டினாள்.

கிராணி புத்தகத்தைப் பட்டென்று மூடினார்.

“பொய்! இந்தச் செட்டிக் கம்பத்துல யாருக்கும்மா தமிழ் தெரியும்? கும்பிடறது நம்ம சாமி, வீட்டுல பேசறது மலாய். அத்தையாம், சோறாம்!”

பூங்காவனம் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பாவி மனுஷன், நெஞ்சில் ஈரமே இல்லை.

“புள்ள படிக்கணும்னுதான் ஐயா...”

“அழாதம்மா. வியாழக்கிழமை ஹெட்மாஸ்டர் துரை நேர்ல வர்றாரு. அவரும் இதையேதான் கேப்பாரு. பாப்பா, அத்தைக்கு ‘மாக்சிக்’னு சொல்லு.”

“மாக்சிக்.”

“சாப்பிடக் கூப்பிட்டா ‘மாரி மாக்கான்’. எங்கே?”

“மாரி மாக்கான்!”

மீனாச்சி விழுந்து விழுந்து சிரித்தாள். மலாயில் படபடவென்று ஏதோ சொன்னாள். கோயிலில் மெதுவாகப் பேசினால் புரியும்; பூங்காவனத்தின் சந்தை மலாய்க்கு இந்த வேகம் எட்டவில்லை.

“என்னங்கையா சொல்றாங்க?”

கிராணியின் காது சிவந்துவிட்டது. தெருப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“போன வருஷம் என் மகளை இந்த வீட்டு நம்பர்ல பதிஞ்சப்ப, அவளும் இப்படித்தான் ‘அத்தை’ன்னு உளறினாளாம்.”