பெரிய பாம்பின் வாய்

பெருந்தேவி தாயக்கட்டையை உருட்டாமல், விரித்திருந்த பரமபதத் துணியை முகர்ந்து பார்த்தாள்.

எதிரே ஏகாதசிப் பட்டினியோடு உட்கார்ந்திருந்த தாரா துணியின் ஓரத்தை நீவிவிட்டாள்.

"மொடமொடன்னு இருக்கே?" என்றாள் அந்த எட்டு வயதுப் பெண்.

"கஞ்சி போட்டேன்டி."

பரமபதப் படத்துக்குக் கஞ்சி போட்டதாக உலகத்தில் யாராவது கேள்விப்பட்டிருக்கிறார்களா? வாயில் வந்ததைச் சொல்லித் தொலைத்தாயிற்று.

பெருந்தேவி கட்டையை உருட்டினாள். ஐந்து விழுந்தது. தன் காயான சிவப்பு வளையல் துண்டை நகர்த்தினாள்.

எல்லாம் மடி பார்க்கப் போய் வந்த வினை. ஆவணியில்தான் சக்ரவர்த்தி வாத்தியாருக்கு இரண்டாம் தாரமாக வந்தாள் தாரா. இறந்துபோன மூத்தவளைவிட ஒருபடி ஆசாரம் என்று சன்னதித் தெருவில் பெயர் வாங்க அவளுக்கு ஆசை. வைகுண்ட ஏகாதசி வருகிறதே என்று, மரப்பெட்டியில் கிடந்த துணிகளை எல்லாம் அள்ளிக்கொண்டு போய்த் தொட்டியில் முக்கினாள்.

தண்ணீர் சிவப்பும் பச்சையுமாகக் கலங்கிய பிறகுதான் உள்ளே என்ன போயிற்று என்று தெரிந்தது.

மூத்தவள் வேதவல்லி தன் கையால் வரைந்த பரமபதம். அம்மாவின் பொருள்களில் குழந்தை தனக்கென்று கேட்டு வாங்கிக்கொண்டது அது ஒன்றைத்தான்.

சாயமெல்லாம் போய்விட்டது. கறுப்புக் கோடுகள் மட்டும் மங்கலாகத் தப்பித்திருந்தன. பெருந்தேவி பள்ளிக்கூடம் போன நேரம் பார்த்து, அதன்மேல் புது மல் துணியை விரித்து, கோட்டின் மேலேயே கோடு இழுத்தாள் தாரா. மஞ்சளுக்கு அடுக்களை மஞ்சள். நீலத்துக்கு வேட்டிக்குப் போடுகிற நீலம். சிவப்புக்கு, சக்ரவர்த்தி அரைப் பரீட்சைப் பேப்பர் திருத்துகிற மசி. புட்டி பாதியாகிவிட்டதே என்று அவர் இன்னும் கேட்கவில்லை. கேட்பார்.

பழைய துணி அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளிந்திருந்தது.

கார்த்திகையில்தான் பெருந்தேவி முதல்முறையாக இவளிடம் தலை பின்னிக்கொள்ள உட்கார்ந்தாள். அதற்கு முன்னால் கிட்டவே வரமாட்டாள். இன்னமும் இவளை அம்மா என்றோ சித்தி என்றோ கூப்பிட்டதில்லை. "இதோ பாருங்கோ" என்றுதான் பேச்சே ஆரம்பிக்கும். படம் போலி என்று தெரிந்தால் அந்தப் பின்னலும் போச்சு.

விடிகாலையிலேயே சொர்க்கவாசல் சேவித்து வந்தாயிற்று. சக்ரவர்த்தி பாசுரம் சேவிக்க மறுபடி கோவிலுக்குப் போய்விட்டார். பகலில் கண்ணயர்ந்தால் விரதம் கெட்டுவிடும், இரண்டு பேரும் ஆடிக்கொண்டிருங்கள் என்று அவர்தான் சொல்லிவிட்டுப் போனார்.

நல்ல யோசனைதான் சொன்னார் மனுஷர்!

பெருந்தேவி ஒவ்வொரு பாம்பாக விரலால் தடவிக்கொண்டே ஆடினாள். கோடு போட்ட பாம்பு. ஒல்லிப் பாம்பு. ஒல்லிப் பாம்பின் வாலில் எத்தனை முறுக்கு என்றுகூட எண்ணினாள். தப்புக்குச் சுழி போடக் காத்திருக்கும் விரல். வாத்தியார் பெண் அல்லவா.

முறுக்கு சரியாகவே இருந்தது. தாரா மூச்சு விட்டாள்.

தோற்றுவிட்டால் படத்தைச் சுருட்டி வைத்துவிடலாம். ஆனால் வேண்டாம் என்கிறபோதுதான் கட்டை கொட்டோ கொட்டென்று கொட்டும். தாராவின் காய் ஒரு புளியங்கொட்டை. அது ஏணி ஏணியாக ஏறி மேல் வரிசைக்கே வந்துவிட்டது. அதற்கு மேலே பெருமாள் படுத்திருந்தார்.

உருட்டினாள். மூன்று.

எண்ணிக்கொண்டே போய்ப் பெரிய பாம்பின் வாயில் வைத்தாள். அங்கே விழுந்தால் நேரே அடி வரிசைதான். அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. காயைக் கீழே இழுக்கப் போனாள்.

பெருந்தேவி சட்டென்று புளியங்கொட்டையின் மேல் விரலை வைத்து அமுக்கினாள்.

"அம்மா போட்ட படத்துல இதுக்கு வாய் மூடியிருக்கும். கடிக்காது."

அம்மா போட்ட படத்தில்.

அப்படியானால் இது வேறு படம் என்று பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. முகர்ந்து பார்த்தபோதே தெரிந்திருக்கும். இத்தனை நேரமும் ஒன்றும் தெரியாத மாதிரி ஆடியிருக்கிறாள்.

பெருந்தேவி அவளை நிமிர்ந்தே பார்க்கவில்லை. இன்னொரு கையால் தன் கண் மையைத் தொட்டு, பாம்பின் சிவந்த வாய்க்குக் குறுக்கே அழுத்தி ஒரு கோடு போட்டாள். வாய் மூடிக்கொண்டது.

"நீங்க இங்கயே இருங்கோ" என்றாள்.

தாரா அந்தக் கோட்டையே பார்த்தாள். வேதவல்லியின் படத்திலும் அந்தப் பாம்பு வாயைப் பிளந்துகொண்டுதான் இருந்தது. இரண்டு பல்லோடு. கோட்டின்மேல் கோடாக அதை இழுத்தவள் இவள்தான். அரிசி மூட்டைக்குப் பின்னால் அது இப்போதும் திறந்தே கிடக்கிறது.

முறுக்கை எண்ணுகிற பெண் இதையா மறந்திருப்பாள்?

கல்யாணமான புதிதில் சக்ரவர்த்தி ஒரே ஒருதரம் சொன்னது அப்போதுதான் தாராவின் நினைவுக்கு வந்தது. வேதவல்லி கடைசியாக ஆடிய ஏகாதசியில் அவள் காயும் இதே வாயில்தான் விழுந்ததாம். பெருந்தேவி கைகொட்டிச் சிரித்து, தானே அதை அடி வரிசை வரைக்கும் இழுத்துக்கொண்டு போனாளாம். பங்குனியில் வேதவல்லி போய்விட்டாள்.

புளியங்கொட்டையின் மேலிருந்த சின்ன விரல் நகம் வெளுக்க அமுக்கிக்கொண்டிருந்தது. இன்னும் எடுக்கவில்லை.